ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

கேள்வி:

வணக்கம் ஐயா. மயிலாடுதுறை பக்கம் போட்டோகிராபராக இருக்கிறேன். தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை திருக்கடையூரில் ஒரு சதாபிஷேகம் எடுத்தேன். தாத்தாவுக்கு எண்பது முடிந்து, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து செய்த விசேஷம். முழுவதும் ஒரே 64 ஜிபி எஸ்டி கார்டில். சாயங்காலம் லேப்டாப்பில் போட்டேன். திறந்தது. ஏறக்குறைய நூறு படம் காப்பி ஆனதும் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு கார்டை உருவிவிட்டேன். அதிலிருந்து எப்போது போட்டாலும் ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று வருகிறது. கேமராவும் படிக்க மறுக்கிறது. நண்பர் சொன்னார் என்று, டிஸ்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் கொடுத்துப் பார்த்தேன். ‘ரா டிரைவுகளுக்கு செக்டிஸ்க் கிடையாது’ என்று முடிந்துவிட்டது. ஊரில் ஒரு கடையில், ‘முதலில் ஃபார்மேட் பண்ணு, அப்புறம் சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருகிறேன், 500 ரூபாய்’ என்கிறார்கள். சென்னையில் ஓரிடத்தில் 12,000 கேட்கிறார்கள். யாரை நம்புவது? அந்த வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கார்டை ரீடரிலிருந்து எடுத்து, அதன் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை ‘லாக்’ பக்கம் தள்ளி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். அந்தப் பூட்டு கார்டின் உள்ளே எதையும் செய்வதில்லை. அது ரீடருக்குக் காட்டும் ஓர் அடையாளம்தான், ரீடர்தான் அதைப் பார்த்து எழுதாமல் இருக்க வேண்டும். ஆனாலும் பெரும்பாலான ரீடர்கள் மதிக்கின்றன. கார்டைச் செருகினாலே விண்டோஸ் தன் பாட்டுக்கு ஒரு மறைவான ஃபோல்டரை அதில் உருவாக்கி வைக்கும். உங்கள் கார்டில் இனி ஓர் எழுத்துகூடப் புதிதாக ஏறக் கூடாது.

செக்டிஸ்க் கொடுத்தது தப்பு என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். கவலைப்படாதீர்கள், அது ஓடவே இல்லை. ‘ரா’ என்று விண்டோஸ் சொன்னால் ‘இங்கே ஏதோ இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கு முறையிலும் இல்லை’ என்று பொருள். (கேமரா பார்த்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபார்மேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் ஒன்று.) அடையாளம் தெரியாத டிரைவில் செக்டிஸ்க் கை வைக்காது. கொஞ்சம் அடையாளம் தெரிந்திருந்தால் உள்ளே போய்ச் ‘சரிசெய்திருக்கும்’. அப்படிச் சரிசெய்த கார்டுகள் என்னிடம் வரும்போது, நல்ல ஃபோல்டர்கள்கூடப் பெயர் இழந்து துண்டு துண்டான சிஎச்கே ஃபைல்களாகக் கிடக்கும். செக்டிஸ்க் டிரைவை ஒழுங்குபடுத்தும் கருவி. அந்த ஒழுங்குக்கு இடைஞ்சலாக உங்கள் படம் இருந்தால் படத்தை வெட்டிவிடும்.

இப்போது ஊர்க் கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஃபார்மேட் செய்தால் டிரைவ் திறக்கும், அதற்குப் பிறகு சாஃப்ட்வேர் ஓட்டுவது சுலபம் என்று பழகியிருக்கிறார். பல தடவை அது பலித்தும் இருக்கும். ஆனால் அது தேவையே இல்லாத ஆபத்து. டெல்டாக்காரர் நீங்கள், நெல் குடோனை வைத்துச் சொல்கிறேன். மூட்டைகள் உள்ளே அடுக்கியபடி இருக்கின்றன. எந்த மூட்டை யாருடையது, எந்த வரிசையில் என்று எழுதியிருந்த கணக்கு நோட்டுதான் நனைந்து போயிற்று. ஃபார்மேட் என்பது நனைந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வெள்ளை நோட்டு வைப்பது. நனைந்த நோட்டில் பாதிப் பக்கம் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கலாமே, அதை ஏன் கிழிக்க வேண்டும்? அதுவும் விண்டோஸ் ஃபார்மேட் பெட்டியில் ‘விரைவு ஃபார்மேட்’ என்ற இடத்தில் டிக் இருக்கிறதா இல்லையா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. டிக் இருந்தால் நோட்டு மட்டும் போகும். டிக் எடுபட்டிருந்தால் விஸ்டாவுக்குப் பிந்திய எல்லா விண்டோஸும் கார்டு முழுக்க பூஜ்யம் எழுதிவிடும். மூட்டையும் போயிற்று. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்த விலைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. சில கேமராக்களில் இருக்கும் ‘லோ லெவல் ஃபார்மேட்’டும் அப்படித்தான் கார்டு முழுவதையும் துடைக்கும். மீட்புச் சாஃப்ட்வேர்கள் ஃபார்மேட் ஆகாத ‘ரா’ டிரைவை அப்படியே படிக்கும். ஆகவே அந்த வேலைக்கு ஃபார்மேட் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயம். லேப்டாப் நின்றது, கார்டை உருவினீர்கள், அதனால் கெட்டது என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது போலத் தெரிகிறது. எனக்கு அது தலைகீழாக இருக்கும் என்று தோன்றுகிறது. காப்பி எடுக்கும்போது கார்டின் ஒரு பகுதி படிக்க முடியாமல் திணறியிருக்கும். லேப்டாப் அதற்காகக் காத்துக் காத்து நின்றிருக்கும். உருவியது நல்லதல்லதான், ஆனால் கார்டு அதற்கு முன்பே தடுமாற ஆரம்பித்திருக்கலாம். இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. கார்டு உண்மையிலேயே பலவீனமாக இருந்தால், அதைப் படிக்கக் கிடைக்கும் தடவைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒவ்வொரு முறை செருகி ‘இப்போதாவது வருகிறதா’ என்று பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைத் தின்கிறது. கார்டு இப்போது கொடுப்பதை ஒரே தடவையில் முழுசாக வாங்கிக்கொண்டு, கார்டை ஓய்வெடுக்க விட்டுவிட வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. கார்டின் பின்பக்கத்தில் தங்க நிறத்தில் ஒன்பது பட்டைகள் இருக்கும். (வேகமான சில கார்டுகளில் கீழே இன்னொரு வரிசையும் உண்டு.) வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திருக்கடையூர் விசேஷத்தில் கேமராக்காரன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கலச நீர் தெறிக்கும், நெற்றியில் இட்ட சந்தனமும் விபூதியும் விரலில் ஒட்டும், அதே விரலால் கார்டை மாற்றுவோம். ஒரு முறை எனக்கு வந்த கார்டில் நடுப் பட்டைகள் மேல் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். காய்ந்த விபூதி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை காது குடையும் பஞ்சில் நனைத்து மெதுவாகத் துடைத்துக் காயவிட்டேன். கார்டு எதுவுமே நடக்காத மாதிரி திறந்தது. உங்களுக்கும் அப்படி நடந்தால் நல்லது. நடக்காவிட்டாலும் துடைத்தது வீண் இல்லை. லேப்டாப்பில் கார்டு செருகும் ஓட்டையை விட்டுவிட்டு, யூஎஸ்பி கார்டு ரீடர் ஒன்று நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். ரீடர் பழுதை கார்டு பழுது என்று நம்பி வந்தவர்கள் நிறையப் பேர். அரிசிக்குள் புதைப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது இதெல்லாம் வேண்டாம்.

இப்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஒரு பார்வை. பூட்டுப் போட்ட கார்டை ரீடரில் செருகுங்கள். ஃபார்மேட் கேட்டால் கேன்சல். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ வரும். அதில் கார்டுக்கு எதிரே எத்தனை ஜிபி என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் 64 ஜிபி கார்டு அங்கே 59 ஜிபி சொச்சம் என்றுதான் தெரியும். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. 59 சொச்சம் தெரிந்தால் கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற குட்டி மூளை உயிரோடு இருக்கிறது. கணக்கு நோட்டுதான் பிரச்சினை. வீட்டிலேயே செய்யலாம். ‘மீடியா இல்லை’ என்றோ, பூஜ்யம் என்றோ, 64க்குச் சம்பந்தமே இல்லாமல் சில எம்பி மட்டும் என்றோ தெரிந்தால் கன்ட்ரோலர் மயங்கிவிட்டது. அங்கே எந்தச் சாஃப்ட்வேரும் உதவாது. 500 ரூபாய் வேலைக்கும் 12,000 ரூபாய் வேலைக்கும் நடுவில் இருக்கும் கோடு இதுதான். இந்த எண்ணைப் பார்க்காமல் விலை சொன்ன இரண்டு கடையும் குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருக்கின்றன.

59 தெரிகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ‘டிடிரெஸ்க்யூ’ என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஓடும். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம், உங்கள் விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. நிரலை மட்டும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அது கார்டை ஃபைல் ஃபைலாகப் பார்க்காது. முதல் செக்டாரிலிருந்து (கார்டு பிரிக்கப்பட்டிருக்கும் சின்னச் சின்னக் கட்டங்களில் ஒன்று) கடைசி வரை உள்ளதை உள்ளபடி ஒரே பெரிய ஃபைலாக எடுக்கும். இதை இமேஜ் என்போம். மற்ற காப்பி நிரல்கள் படிக்க முடியாத இடம் வந்தால் நின்றுவிடும், அல்லது அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். இது தாண்டிப் போய், சுலபமாக வருவதையெல்லாம் முதலில் அள்ளிவிட்டு, கஷ்டமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு தனி மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். அதனால் நடுவில் நிறுத்தி மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எதிலிருந்து, எதற்கு என்ற வரிசை மாறினால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது கார்டின் மேல் எழுதப்படும் ஆபத்து உண்டு. என்டர் தட்டுவதற்கு முன் இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். அடுத்தது, இமேஜை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கணக்கு முறையில் இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது.

ஆரோக்கியமான கார்டாக இருந்தால், நொடிக்கு 20 எம்பி வேகத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பலவீனமான கார்டு வேறு மாதிரி. போன மழைக்காலத்தில் ஒரு கார்டை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். முதல் பாதி ஓட்டமாக வந்தது. அப்புறம் வேகம் எம்பியிலிருந்து கேபிக்கு விழுந்து, திரையில் எண்கள் நகராமல் நின்றன. கார்டின் மேல் விரல் வைத்தால் சுட்டது. நிறுத்தினேன். ரீடரைக் கழற்றி அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். கொஞ்சம் வந்தது, மறுபடி நின்றது, மறுபடி ஆறவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு கடைசித் துண்டு வந்தது. மதியம் இன்னொரு தடவை செருகிப் பார்த்தபோது அந்தக் கார்டு ரீடருக்குத் தெரியவே இல்லை. இமேஜ் கையில் இருந்ததால் நான் பதறவில்லை. உங்களுக்கும் சூடு தெரிந்தால் நிறுத்துங்கள், அவசரப்படாதீர்கள்.

இமேஜ் வந்த பிறகு அதை இன்னொரு டிஸ்கிலும் ஒரு காப்பி போட்டு வைத்துவிட்டு, நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். எத்தனை சாஃப்ட்வேர் வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள், எதுவும் குடி மூழ்காது. உங்கள் 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் என்ற கணக்கு முறையில் இருக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் அப்படித்தான் வருகின்றன. அதில் உங்களுக்குச் சாதகமான ஒரு சங்கதி உண்டு. அதன் தொடக்கப் பகுதிக்கு ஒரு நகல், பன்னிரண்டு செக்டார் தள்ளி எப்போதும் வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தொடக்கப் பகுதி மட்டும் கெட்டிருந்தால் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச நிரல் அந்த நகலிலிருந்து மீட்டுக் கொடுக்கும், உங்கள் ஃபோல்டர்கள் பெயரோடு அப்படியே திரும்பிவிடும். இன்னொன்று, தொடர்ச்சியாக எழுதப்பட்ட ஃபைலுக்கு எக்ஸ்ஃபேட் சங்கிலிக் கணக்கு வைப்பதில்லை. எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற இரண்டு எண் போதும். விசேஷத்துக்கு முன்னால் கார்டைக் கேமராவில் ஃபார்மேட் செய்துவிட்டு எடுக்கத் தொடங்கினீர்கள் என்றால், படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும். கேமரா படங்களைப் போட்டு வைக்கும் டிசிஐஎம் ஃபோல்டரின் பட்டியல் பிழைத்திருந்தால் ‘டிஎம்டிஇ’ போன்ற நிரல் அதைக் காட்டும். அதன் இலவசப் பதிப்பிலேயே ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4,000 ஃபைல் வரை எடுக்கலாம். உங்களுக்கு அதுவே போதும்.

பட்டியலும் போய்விட்டதா? அப்போது ‘ஃபோட்டோரெக்’. டெஸ்ட்டிஸ்க்கை எழுதிய கிறிஸ்டோஃப் கிரெனியேதான் இதையும் எழுதினார், இதுவும் இலவசம். நோட்டையே பார்க்காமல் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பது இதன் வேலை. ஜேபெக் படமாக இருந்தால் தொடக்கத்தில் எப்போதும் ஒரே மாதிரி மூன்று பைட் இருக்கும். கேமராக்களின் ரா ஃபைல்களுக்கும் அப்படி அடையாளங்கள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு படத்தை எடுத்துவிடும். பெயர் மட்டும் வராது, எண்ணாக வரும். அதற்காகக் கலங்க வேண்டாம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியும் நொடியும் எழுதியிருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தினால் கோபூஜையிலிருந்து மாங்கல்யதாரணம் வரை நடந்த வரிசையிலேயே வந்து நிற்கும். சில ரா ஃபைல்கள் பாதியில் கெட்டிருக்கலாம். உடனே அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு ஜேபெக் முன்னோட்டப் படத்தை வைத்திருக்கிறது. ‘எக்ஸிஃப்டூல்’ என்ற இலவச நிரலைக் கொண்டு அதைத் தனியே பிரிக்கலாம். பல கேமராக்களில் அது ஆல்பத்தில் போடும் அளவுக்குப் பெரிதாகவே இருக்கும்.

வீடியோ எடுத்திருந்தால் அதற்கு அவ்வளவு உறுதி சொல்ல மாட்டேன். எம்பி4 ஃபைலை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பைப் பல கேமராக்கள் ரெக்கார்டிங் முடிந்த பிறகுதான் எழுதுகின்றன. அந்தக் குறிப்பு கிடைக்காவிட்டால் ஃபைல் ஓடாது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் ஒரு நிமிஷம் நல்ல வீடியோ ஒன்று எடுத்து வையுங்கள். அதை மாதிரியாகக் கொடுத்தால் கெட்டதைச் சீர்செய்யும் நிரல்கள் இருக்கின்றன. இந்த மாதிரி வீடியோவை வேறு கார்டில் எடுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சரி, 59 தெரியவில்லை என்றால்? அப்போது சென்னைக்காரரிடம்தான் போக வேண்டும், அந்தக் காசு அநியாயமும் இல்லை. கார்டின் பிளாஸ்டிக்கைத் திறந்து, உள்ளே சிப் தனியாக இருந்தால் கழற்றியும், பல கார்டுகளில் இருப்பது போல எல்லாம் ஒரே கட்டியாக இருந்தால் மேல் பூச்சைச் சுரண்டியும், உள்ளே தெரியும் புள்ளிகளில் முடி கனத்துக்குக் கம்பி வைத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் பற்ற வைப்பார்கள். அப்படிப் படித்தாலும் வருவது படம் இல்லை. கன்ட்ரோலர் தரவைக் கலைத்துப் போட்டுத்தான் எழுதி வைத்திருக்கும். அந்தக் கலைப்பைத் திரும்பக் கோக்க வேண்டும். நாள் கணக்கில் பிடிக்கும். அவரிடம் கார்டைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு வாங்குவீர்கள்? பணம் கட்டும் முன் கிடைத்த படங்களைத் திறந்து காட்டுவீர்களா? முதலில் இமேஜ் எடுப்பீர்களா? மூன்றுக்கும் நேராகப் பதில் வராத இடத்தில் கொடுக்காதீர்கள். ஊரில் வேறு யாரும் அதற்கு முன் கார்டைத் திறக்கவும் விடாதீர்கள்.

கார்டை எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 16 ஜிபியை 64 என்று காட்டும் போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவை எப்போதும் எழுதியதாகச் சொல்லும், உண்மையில் ஓர் அளவுக்கு மேல் எழுதியிருக்காது. காலைப் படங்கள் நன்றாகவும், ஒரு நேரத்துக்குப் பிறகு எல்லாமே சாம்பல் நிறமாகவும் வந்தால் அதுதான் காரணம். அப்படி இருந்தால் அந்தப் படங்கள் எங்குமே இல்லை, மீட்க மேலும் செலவழிக்காதீர்கள்.

இனி, நீங்கள் கடைசியில் எழுதிய வரி. அந்த வீட்டாருக்கு இன்றைக்கே சொல்லுங்கள். மனம் லேசாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, தொழில் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே இருபது முப்பது பேராவது செல்போனில் எடுத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸ் ஒரே நாளில் போய்விட்டது. போன் நிறைந்தது என்று வீடியோக்களை ஒவ்வொருவராக அழித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறும் முன் கேட்டால் கிடைப்பது, அடுத்த மாதம் கேட்டால் கிடைக்காது. போனில் சொல்லாமல் நேரில் போங்கள். கார்டு பழுதாகிவிட்டது, நூறு படம் பத்திரமாக இருக்கிறது, மற்றவற்றை எடுக்க இன்னின்ன முயற்சி நடக்கிறது, அதுவரை யாரும் போனில் இருப்பதை அழிக்க வேண்டாம், எனக்கு அனுப்புங்கள் என்று கேளுங்கள். முன்பணத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். வாங்கிக்கொள்வார்களா மாட்டார்களா என்பது அவர்கள் விருப்பம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் அந்த நூறு படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் திறந்து பாருங்கள். கடைசியாக வந்தவற்றில் சில பாதி சாம்பலாக இருக்கலாம். எத்தனை உண்மையில் முழுசாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் என்ன தெரிந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். 59 என்றால் டிடிரெஸ்க்யூவில் என்ன தட்ட வேண்டும் என்பதை உங்கள் லேப்டாப்புக்கு ஏற்ற மாதிரி எழுதி அனுப்புகிறேன். அதுவரை கார்டு டப்பாவிலேயே இருக்கட்டும்.